முத்துக் கிராணி குடிக்காத கோப்பி

"ஈப்போ பட்டணத்துக் கடை முதலாளிகள், ரிக்‌ஷா இழுப்பவர்கள், வேலையில்லாமல் நிற்பவர்கள், முக்கியமாகத் திருட்டுப் புத்தி உள்ளவர்கள் ஆகிய சகலரின் மேலான கவனத்திற்கு: இங்கே நிற்கும் மோட்டார் சைக்கிள் லண்டன் கம்பெனியாருக்குச் சொந்தமானது, ஆறாங்கட்டைத் தோட்டத்துத் துரை அவர்கள் ஏறி அருள்வது. இதைத் தொடுவதும், தடவுவதும், உற்றுப் பார்ப்பதும், இதன்மேல் சாய்ந்துகொண்டு சுருட்டுப் பற்ற வைப்பதும் குற்றம். மீறுவோர் பத்து காஜா ஊர் ஜெயிலுக்குப் போவார்கள். வண்டியின் பொறுப்பாளர் எதிரே இரும்புக் கடையில் இருக்கிறார். இருபது நிமிடத்தில் திரும்பி விடுவார். இப்படிக்கு, பி. முத்து, கிராணி, தைப்பிங்கில் ஏழாவது வரை வாசித்தவர்."

இந்த மாபெரும் பிரகடனம் 1926ஆம் வருடம் ஒரு சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, ஈப்போ கடைத்தெருவில், மேற்படி மோட்டார் சைக்கிளின் கைப்பிடியில் சணல் கயிற்றில் கட்டித் தொங்கவிடப்பட்டது. தோட்டத்துப் பேர் பதியும் தாளின் பின்பக்கத்தில், மேலே இங்கிலீஷ், கீழே தமிழ், உருட்டி உருட்டி எழுதிய எழுத்து.

அது தொங்கும்வரை அந்த வண்டியைத் தெருவில் கவனித்தது ஒரு நாய் மட்டும்தான். அதுவும் பின் சக்கரத்தில் வந்த காரியத்தை முடித்துக்கொண்டு போய்விட்டது. தாள் தொங்கிய ஐந்தாவது நிமிடம் முப்பது பேர் கூடிவிட்டார்கள்.

பி. முத்துவுக்குப் பெற்றோர் வைத்த பெயர் பிச்சைமுத்து. தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி வேலை கிடைத்த அன்றே அவர் முன்பாதியைக் கழற்றி ஓர் எழுத்தாக்கி, அதற்கு ஒரு புள்ளியும் வைத்துவிட்டார். தோட்டத்துச் சனங்கள் மட்டும் புள்ளியைப் பார்க்கத் தெரியாமல் இன்னமும் முழுப் பெயரையே சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதற்கும் அவரிடம் மருந்து இருந்தது. அந்த மாதக் கடைசியில் பெரிய கிராணி கார்த்திகேசு வேலையை விட்டு யாழ்ப்பாணத்துக்குக் கப்பலேறுகிறார். அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டால் அப்புறம் பெயருக்கே வேலையில்லை. எல்லாரும் 'பெரிய கிராணியார்' என்றுதான் சொல்லியாக வேண்டும். நாற்காலியோடு ஒரு வீடும் வரும். வீட்டுக்குள்ளேயே தண்ணீர்க் குழாய் உள்ள வீடு. தினமும் லயத்து வரிசை வீடுகளின் பொதுக் குழாயடியில் குடத்தோடு வரிசையில் நிற்கும் அவர் மனைவி வீரம்மா, அந்த வீட்டு ஜன்னல்களை வெளியே நின்றே முழம் போட்டு அளந்து, திரைக்குத் துணியும் தைத்து வைத்துவிட்டாள்.

போட்டிக்கு ஒரே ஒரு ஆள்தான்: ஸ்டோர் கிராணி சவரிநாதன். தங்கமான மனிதன். ஆனால் அந்த ஒரு வருடத்தில் மட்டும் இரண்டு குடை, ஸ்டோர் சாவிக் கொத்து, ஒரு காளை மாடு ஆகியவற்றைத் தொலைத்தவன். காளை தொலைந்ததை அவனிடம் மற்றவர்கள்தான் சொன்னார்கள்.

ஆகவே வெள்ளிக்கிழமை மாலை துரை பங்களாவுக்குக் கூப்பிட்டனுப்பியபோது முத்து கோட்டுப் போட்டுக்கொண்டு போனார்.

"முத்து! நாளைக்கு நீ ஈப்போ போ" என்றார் துரை, தோட்டத்தில் கற்ற தமிழில். "துரைசாணி அடுத்த வாரம் சீமையிலேர்ந்து வருது. தொப்பிக் கடையிலே தொப்பி சொல்லியிருக்கு. வாங்கி வா. என் மோட்டார் சைக்கிள் கொண்டு போ."

"துரை மோட்டார் சைக்கிளா? நானா?"

"நீதான். கடைத்தெருவிலே நிப்பாட்டு. கோப்பி குடி. பராக்குப் பாரு. அவசரம் வேணாம்."

"பூட்டு ஒண்ணு இருந்தா நல்லது துரை."

"பூட்டா? பூட்டு எதுக்கு?" துரை சிரித்தார். "ஈப்போ நல்ல ஊரு."

முத்துவுக்கு உடம்பு புல்லரித்தது. துரை சும்மா சிரிக்கிற ஆளில்லை. ஒரு மாதத்துக்கு முன்பு லண்டன் கம்பெனியிலிருந்து வந்த கடிதத்தை ஃபைலில் வைத்ததே முத்துதான். 'தற்போதுள்ள மோட்டார் சைக்கிள் இருக்கும்வரை மோட்டார் கார் என்ற பேச்சே எழக் கூடாது' என்று அதில் தெளிவாக எழுதியிருந்தது. கம்பெனியாரே காரை வேண்டாமென்று ஒதுக்கி அந்த வண்டியைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள்! அப்பேர்ப்பட்ட வண்டியைப் பூட்டுக்கூட இல்லாமல் துரை தன் கையில் கொடுக்கிறார் என்றால், அது தொப்பி வாங்கவா? இது பரீட்சை. வண்டி எப்படித் திரும்பி வருகிறது என்பதைப் பார்த்துத்தான் பெரிய கிராணி வேலை.

இந்த முடிவில் ஒரு பிழையும் இல்லை என்பதை இங்கேயே சொல்லிவிட வேண்டும்.

துரை கொடுக்காத பூட்டை வாங்கத்தான் முத்து இரும்புக் கடைக்குள் நுழைந்திருந்தார். பூட்டு வாங்கி முடிக்கும்வரைக்குமான காவல் அந்தப் பிரகடனம்.

"என்னாண்ணே எழுதிருக்கு?" என்ற குரல் தெருவிலிருந்து கேட்டது. முத்து எட்டிப் பார்த்தார். சிவப்புத் துண்டை முண்டாசு கட்டிய ஒருவன் கூட்டத்தின் முன்வரிசையில் நின்றான். படிக்கத் தெரிந்த யாரோ அவனுக்கு உரக்கப் படித்தான். ஜெயில் வந்தபோது முண்டாசு அசையவில்லை. இருபது நிமிடம் வந்தபோது நிமிர்ந்தது.

"இருவது நிமிசமா? எப்பலேருந்து இருவது நிமிசம்?"

முத்து சங்கிலியும் பூட்டுமாக வெளியே பாய்ந்தார். "அது எதுக்குடா உனக்கு?"

"சும்மா கேட்டேன் கிராணியாரே" என்றான் சிவப்புத் துண்டுக்காரன், பல்லைக் காட்டி. "வெயிலு கொளுத்துது. நீங்க போயி ஒரு கோப்பி குடிச்சிட்டு வாங்களேன். வண்டிய நான் பாத்துக்கறேன்."

முன்பின் தெரியாத ஒருவன் முகத்துக்கு நேரே இவ்வளவு அன்பாகப் பேசினால் அவன் திருடனாகத்தான் இருக்க வேண்டும். முத்து அவனை மேலும் கீழும் பார்த்து மனத்தில் எழுதிக்கொண்டார். வயது முப்பது, மாநிறம், விழிக்கிற விழி சரியில்லை.

பிரகடனத்தைக் கிழித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, வண்டியை எதில் பூட்டுவது என்று தெருவை ஆராய்ந்தார். கடைத் தூண்கள் பருமன், சங்கிலி சுற்றவில்லை. விளக்குக் கம்பத்தின் அடியில் ஒரு சீனக் கிழவர் கடலை விற்றுக்கொண்டிருந்தார். எழுந்திருக்க மாட்டேன் என்றார். மிஞ்சியது ஒரு மாட்டு வண்டி. அரிசி மூட்டைகள் அடுக்கி, மாடுகளை அவிழ்த்து விட்டிருந்தது. மாடுகள் நிழலில் படுத்து அசை போட்டன. மாடில்லாத வண்டி எங்கே போகும்? தைப்பிங்கில் ஏழாவது வரை வாசித்த மூளை உடனே விடை சொன்னது: எங்கேயும் போகாது.

மோட்டார் சைக்கிளை வண்டியின் அச்சோடு சேர்த்துப் பூட்டிவிட்டுத் தொப்பிக் கடையை நோக்கி நடந்தார். பத்தடிக்கு ஒரு தரம் திரும்பிப் பார்த்துக்கொண்டேதான் நடந்தார். வண்டி இருந்தது, சிவப்புத் துண்டு சற்றுத் தள்ளி இருந்தது. மூலை திரும்பினார். மனம் கேட்கவில்லை. திரும்பி வந்து மூலையில் தலையை மட்டும் நீட்டினார்.

அதற்குள் மாடுகளைப் பூட்டி மாட்டு வண்டி போய்க்கொண்டிருந்தது. அதன் பின்னால் தாய்ப்பசுவைத் தொடரும் கன்றுக்குட்டி போல மோட்டார் சைக்கிள் போய்க்கொண்டிருந்தது, பாதி நேரம் சக்கரத்திலும் பாதி நேரம் பக்கவாட்டிலும். அதைப் பிடித்து இழுத்தபடி சிவப்புத் துண்டுக்காரன் ஓடினான்.

"திருடன்! திருடன்! மாட்டு வண்டியோட திருடிட்டுப் போறான்! பிடிங்க!" முத்து தொப்பையோடும் கோட்டோடும் ஓடினார்.

மாட்டு வண்டி நின்றது. மேலிருந்து வண்டிக்காரன் சீனி இறங்கினான். கையில் சாட்டை.

"யாருய்யா அது? என் வண்டிய நானே திருடிட்டுப் போறேன்னு சொல்றது?"

"உன்னைச் சொல்லலே. அந்தா, அவன்..."

"இந்த இரும்பு யாருது? கெளம்புனதுலேருந்து மாடு ரெண்டும் இழுக்க மாட்டேங்குதே, மூட்டை அதிகமாப் போச்சோன்னு நானும் அதுகள அடிச்சிட்டு வாரேன். பாவம்யா வாயில்லாச் சீவன்! ஏன்யா, பூட்டுறதுக்கு வேற எடம் கெடைக்கலியா? கொம்புல பூட்டியிருக்கலாமே!"

"மரியாதையாப் பேசு. நான் தைப்பிங்கிலே..."

"நீ தைப்பிங்கில என்ன வேணாப் பண்ணு. ஈப்போவுல சங்கிலிய அவுரு."

சாவி இல்லை. ஓடிய ஓட்டத்தில் எங்கோ விழுந்திருந்தது. சீனி வண்டிக்கு அடியிலிருந்து கோடாலியை எடுத்து, முத்துவின் கண்ணெதிரே சங்கிலியை இரண்டாக வெட்டிவிட்டு மாட்டைத் தட்டினான். பின் சக்கரத்து மட்காட் அப்பளம் போல நெளிந்திருந்தது.

"நல்லவேள, நான் புடிச்சேன். இல்லன்னா மானிங்குடி ஊரு வரைக்கும் போயிருக்கும்" என்றான் சிவப்புத் துண்டுக்காரன், மூச்சிரைக்க. "உங்களுக்கும் எளைக்குது பாருங்க கிராணியாரே. ஒரு கோப்பி..."

"உன் கோப்பிய நீ குடி!"

இனிச் சங்கிலியை நம்பிப் பயனில்லை. திருடனின் மனசுக்குள் புகுந்து யோசித்தார் முத்து. வண்டி ஓடினால்தானே திருடுவான்? ஓடாத வண்டி வெறும் இரும்பு. இருக்கைக்கு அடியில் இருந்த ஸ்பேனரை எடுத்தார். முதலில் பிளக்கைக் கழற்றிப் பைக்குள் போட்டார். பிளக்கு வேறு இடத்திலும் வாங்கலாமே என்று தோன்றியது. சக்கரத்தைச் சுற்றும் வாரைக் கழற்றித் தோளில் குறுக்காக மாட்டிக்கொண்டார். இருக்கையில்லாமல் ஒருத்தன் எப்படி உட்காருவான்? அதையும் கழற்றிக் கக்கத்தில் இடுக்கினார். கார்பைடு விளக்கு விலை உயர்ந்தது. பந்து அமுக்கும் ஊதுகுழலும் அப்படியே. எல்லாம் முடிந்தபோது சுவரில் சாய்ந்து நின்றது மோட்டார் சைக்கிளா, ஆஸ்பத்திரியில் தொங்கும் எலும்புக்கூடா என்று சொல்ல முடியவில்லை.

இந்தக் கோலத்தில் அவர் தொப்பிக் கடை வாசலை அடைந்தார். கருப்பு எண்ணெய் அப்பிய கோட்டு, பூணூல் போல ரப்பர் வார், ஒரு கக்கத்தில் இருக்கை, இன்னொரு கையில் விளக்கு. நடக்கும்போதெல்லாம் கோட்டுப்பையில் இருந்த ஊதுகுழல் 'பாம்' என்றது.

வாசலில் காவலுக்கு நின்ற சீக்கிய ஜாகா, துப்பாக்கியைக் குறுக்கே நீட்டி, எல்லாம் திருட்டுச் சாமானா என்று மலாயில் கேட்டார். "சூரி பாராங்?"

"நானா திருடன்? நான் திருடனுக்குப் பயந்து..."

"எந்த வண்டி? எங்கே கழட்டினே?" ஜாகா தமிழுக்கு வந்தார். "திருட்டுச் சாமான் விக்கிற எடம் பின் சந்து. இது வெள்ளைக்காரன் கடை. போலீஸ் கூப்பிடவா?"

பாம், என்றது கோட்டுப்பை. முத்து திரும்பிப் பார்க்காமல் ஓடினார். அந்த நாளில் அவர் ஓடிய இரண்டாவது ஓட்டம் அது. இந்தத் தடவை தன்னிடமிருந்தே.

எலும்புக்கூட்டின் முன்னால் சிவப்புத் துண்டுக்காரன் குந்தி உட்கார்ந்து கன்னத்தில் கை வைத்திருந்தான்.

"ஏண்ணே இப்பிடிப் பண்ணிப்போட்டீங்க?" என்றான். "நல்ல வண்டிலா. பாக்கவே வயிறு எரியுது."

"உன் வயிறு ஏன்டா எரியணும்?"

அவன் எழுந்து நெளிந்த மட்காட்டைத் தடவினான். முத்து மனத்தில் எழுதிய குறிப்பில் இன்னும் ஒரு வரி சேர்த்தார்.

எல்லாவற்றையும் திரும்ப மாட்டி முடிக்க மணி ஒன்றாகிவிட்டது. மாட்டி முடித்த பிறகு கையில் ஒரு திருகாணி மிஞ்சியது. அது எங்கிருந்து வந்தது என்று வண்டிக்கும் தெரியவில்லை, முத்துவுக்கும் தெரியவில்லை. உதைத்தார். உறுமவில்லை. இருபத்தேழு தடவை உதைத்தார். தள்ளுவதைத் தவிர வழியில்லை.

"நான் தள்றேன் அண்ணே."

"தள்ளு. ஆனா முன்னாலேருந்து இழு. பின்னால நின்னா உன் முகம் எனக்குத் தெரியாது."

அப்படியே ஒருவன் இழுக்க ஒருவர் தள்ள, இரயில் சாமான் கொட்டகைக்குப் பின்னால் இருந்த ஆலமரத்தடிக்கு வந்து சேர்ந்தார்கள். மரத்தடியில் கொட்டகைக் கூலிகள் நட்டு வைத்த முனியாண்டிக் கல்லும் ஒரு சூலமும் இருந்தன. சூலத்தைப் பார்த்ததும் முத்துவின் தலைக்குள் பளிச்சென்றது.

தோட்டத்தில் முனி பேரில் காவல் கட்டினால் போதும். மரத்தில் பழுத்துத் தொங்கும் பலாவாக இருந்தாலும், களத்தில் காயும் நெல்லாக இருந்தாலும், மஞ்சள் துணி கட்டி எலுமிச்சை குத்தி வைத்துவிட்டால் அது முனியின் பொறுப்பு. பசியால் சாகிறவன்கூடத் தொடமாட்டான். தொட்டால் வாய் கோணும், கை விளங்காது. இதையெல்லாம் 'அறியாச் சனங்களின் மூடப்பழக்கம்' என்று போன மாதம்தான் முத்து துரைக்கு இங்கிலீஷில் மூன்று பக்கம் எழுதிக் கொடுத்திருந்தார். ஆனால் திருடனும் அறியாச் சனம்தானே!

பக்கத்துக் கடையில் மஞ்சளும் குங்குமமும் மூன்று எலுமிச்சையும் வாங்கினார். கைக்குட்டையை மஞ்சளில் நனைத்துக் கைப்பிடியில் கட்டினார். சூலத்தில் எலுமிச்சையைக் குத்தினார். விளக்குக் கண்ணாடிக்குப் பெரிய குங்குமப் பொட்டு வைத்தார். யாராவது படித்தவர்கள் பார்க்கிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, "முனியய்யா, இது உன் பொறுப்பு" என்று சற்று உரக்கவே சொன்னார்.

சிவப்புத் துண்டுக்காரனின் முகம் வெளுத்தது. முண்டாசை அவிழ்த்து இடுப்பில் கட்டி, கன்னத்தில் போட்டுக்கொண்டு, மூன்றடி பின்னால் போனான்.

"என்னா கிராணியாரே, முனிகிட்டப் போயி..." என்று முனகினான். "இனிமே எவன் கை வப்பான்?"

"அதுக்குத்தான்டா!" முத்து அன்று முதல் தடவையாகச் சிரித்தார்.

வார் இல்லாத, விளக்கு இல்லாத, ஊதாத மனிதரைச் சீக்கிய ஜாகாவுக்கு அடையாளம் தெரியவில்லை. சலாம் வைத்து உள்ளே விட்டார். தொப்பி தயாராக இருந்தது. வட்ட அட்டைப்பெட்டியில் வைத்துக் கட்டினார்கள். தொப்பியின் மேல் செருகியிருந்த மூன்று நீளச் சிவப்பு இறகுகள் மட்டும் மூடிக்கு அடங்காமல் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது. வழியில் ஒரு கோப்பிக் கடையின் வாசனைகூட மூக்கில் ஏறியது. போகலாமா என்று ஒரு கணம் நின்றார். பிறகு சிவப்புத் துண்டு நினைவுக்கு வந்தது; நடையை எட்டிப் போட்டார்.

ஆலமரத்தடியில் உடுக்கைச் சத்தம் கேட்டது.

ஐம்பது பேர் இருந்தார்கள். மோட்டார் சைக்கிளுக்கு மாலை போட்டிருந்தது. நெளிந்த மட்காட் மேல் கற்பூரம் எரிந்தது. இரண்டு சக்கரத்துக்கும் அடியில் எலுமிச்சை. வாரத்தில் ஆறு நாள் மூட்டை தூக்குகிறவனும், விசேஷ நாளில் பூசாரியுமான மாயாண்டி, வேப்பிலையோடு நடுவில் நின்றான்.

"ரொம்ப நாளா எங்க முனி நடந்தேதான் காவல் சுத்திட்டிருந்தாரு" என்று கூட்டத்துக்குச் சொல்லிக்கொண்டிருந்தான். "குதிர கேட்டாரு. நம்மகிட்ட ஏது குதிர? இன்னைக்கு அவரே ஒண்ணு வரவழச்சிக்கிட்டாரு பாத்தீங்களா!"

"நகருங்க, நகருங்க. இது என் வண்டி" என்று முத்து நுழைந்தார்.

"காணிக்கை குடுத்த மகராசன் வந்துட்டாரு! வழி விடுங்கலா!"

"காணிக்கை இல்லய்யா, காவலுக்குக் கட்டினது. இது துரை வண்டி."

"எந்தத் தொர?" மாயாண்டி புருவத்தை உயர்த்தினான். "முனிக்கு மேல ஒரு தொர இருக்காரா?"

கூட்டத்துக்குள்ளிருந்து சிவப்புத் துண்டுக்காரன் முன்னால் வந்தான். முனி பக்கம் சேர்ந்துவிட்டான் என்பது முகத்திலேயே தெரிந்தது. "குடுத்தது குடுத்ததுதான் கிராணியாரே! பொறுப்பு உன்னுதுன்னு நீங்க சொன்னத நானே காதால கேட்டேன். சாமிகிட்டக் குடுத்துட்டுத் திருப்பிக் கேக்கலாமா? குடும்பத்துக்கு ஆவாது. வுட்டுட்டு வாங்க, கோப்பி குடிக்கப் போலாம்."

"நீ வாய மூடுடா!" முத்துவுக்கு அழுகை வந்தது. நாற்காலி, குழாய், வீரம்மாவின் ஜன்னல் திரை, எல்லாம் கற்பூரப் புகையில் கலைந்துகொண்டிருந்தன. பூசாரியின் கையைப் பிடித்தார். "ஐயா, புள்ளகுட்டிக்காரன். என் வேலையே இந்த வண்டியிலதான் இருக்கு. ஒரு வழி சொல்லுங்க."

மாயாண்டிக்கு இரக்கம் வந்தது. ஐயா என்று ஒரு கிராணி அவனைக் கூப்பிட்டது அதுவே முதல் தடவை. "கட்டுன கட்ட அவுக்கணும்னா முனிக்கு ஒரு செவலச் சேவல் வுடணும். உசிரோட."

"இப்பச் சேவலுக்கு நான் எங்கே போவேன்?"

"அந்தப் பொட்டியில என்னா வச்சிருக்கீங்க?"

ஐம்பது பேரும் அட்டைப்பெட்டியைப் பார்த்தார்கள். மூடியின் ஓரத்தில் மூன்று சிவப்பு இறகுகள் காற்றில் ஆடின.

"அது... அது சேவல் இல்ல. தொப்பி."

மாயாண்டி பெட்டியைத் திறந்து பார்த்தான். சற்று யோசித்தான். முனியைத் திரும்பிப் பார்த்தான். "உசிரு இல்ல. ஆனா றெக்கை இருக்கு" என்று தீர்ப்புச் சொன்னான்.

துரைசாணிக்கு எடுத்த அளவு முனிக்குக் கச்சிதமாக இருந்தது. இலேசாக ஒரு பக்கம் சாய்த்து வைத்தபோது முனிக்கே ஒரு களை வந்துவிட்டது என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். கட்டு அவிழ்ந்தது. திருநீறு பூசிய கையால் மாயாண்டி தட்டிக்கொடுக்க, முத்து உதைத்தார். மத்தியானத்திலிருந்து வாய் திறக்காத வண்டி முதல் உதையிலேயே 'டப டப' என்று உறுமியது. கூட்டம் அரோகரா போட்டது. சிவப்புத் துண்டுக்காரன் மட்டும் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு மரத்தடியில் உட்கார்ந்துவிட்டான்.

தொப்பி போனது போகட்டும். தொப்பியைத் தொலைத்ததற்கு ஒரு வசவு. வண்டியைக் காத்ததற்கு ஒரு நாற்காலி. வழியெல்லாம் முத்து பாடிக்கொண்டே போனார்.

பங்களா வராந்தாவில் துரை கையில் கிளாஸோடு, காலை நீட்டி, வெகு சந்தோஷமாக உட்கார்ந்திருந்தார். 'டப டப' சத்தம் பங்களா மேட்டில் ஏறியது. துரையின் கால் இறங்கியது. மாலையும் குங்குமமுமாக வண்டி படியருகே வந்து நின்றபோது கிளாஸும் இறங்கியது.

"முத்து" என்றார் துரை, வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு. "வண்டி... வந்திருச்சு."

"பத்திரம் துரை! எத்தனை திருடன்! ஒருத்தன் காலையிலேருந்து விடாம என் பின்னாலேயே! ஒரு விநாடி கண்ணசரல துரை, ஒரு கோப்பிகூடக் குடிக்கல!"

"தொப்பி?"

"அது... போயிருச்சு துரை."

"தொப்பி போச்சு. வண்டி இருக்கு" என்றார் துரை மெதுவாக. மறுபடியும் சொன்னார். பிறகு எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நெஞ்சு நிறைந்து பேச்சு வரவில்லை என்று முத்து புரிந்துகொண்டார். வீட்டுக்குப் போய் வீரம்மாவைத் திரைகளை எடுத்து இஸ்திரி போடச் சொன்னார்.

மறுநாள் ஞாயிறு. ஈப்போ மாதா கோயிலில் பூசை காணச் சவரிநாதன் கிளம்பினான். அவனுக்குத் துரையே கூப்பிட்டு மோட்டார் சைக்கிளைக் கொடுத்தார். சாயந்தரம் அவன் யாரோ ஒருவருடைய மாட்டு வண்டியில் வந்து இறங்கினான். மோட்டார் சைக்கிள் எங்கே என்று கேட்டதற்கு, "அட, ஆமா" என்றான்.

கேள்விப்பட்ட முத்து இரவெல்லாம் சிரித்தார்.

திங்கட்கிழமை காலை, ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில், முந்நூறு தொழிலாளிகளுக்கு முன்னால், துரை புதிய பெரிய கிராணியை அறிவித்தார். சவரிநாதன்.

வீரம்மா இஸ்திரி போட்ட திரைகளை மடித்துப் பெட்டிக்குள் வைத்தாள். குடத்தை எடுத்துக்கொண்டு லயத்துக் குழாயடிக்குப் போனாள். அவள் ஏதாவது சொல்லியிருந்தால்கூட முத்து தாங்கியிருப்பார்.

நேரே பங்களா குசினிக்குப் போனார். துரையின் சமையல்காரன் ஆம்புரோஸுக்குத் தெரியாமல் பங்களாவில் ஓர் ஈ பறக்காது.

"இது என்னா நியாயம் ஆம்புரோஸ்? காப்பாத்துனவன் நான், தொலைச்சவன் அவன்..." என்று ஆரம்பித்தவர் அப்படியே நின்றார். குசினி மூலையில் ஒருவன் தட்டு நிறையச் சோறு போட்டுத் தின்றுகொண்டிருந்தான். தோளில் சிவப்புத் துண்டு.

"திருடன்! ஆம்புரோஸ், பிடி அவன! ஈப்போவுல என் பின்னாலயே சுத்துனவன் இவன்தான்!"

"உக்காருங்க கிராணி ஐயா. ஊருக்குக் கேக்கப்போவுது" என்றான் ஆம்புரோஸ், குழம்பைக் கிளறியபடி. "இவன் என் கூட்டாளி, பேரு பத்துமலை. தொரை சொல்லித்தான் நான் அனுப்பிச்சேன்."

"காவலுக்கா?"

"திருடறதுக்கு. அந்த வண்டி இருக்குற வரைக்கும் காரு கெடையாதுன்னு லண்டன்லேருந்து எழுதிட்டாங்கல்ல? தொரைசாணி அம்மா வந்து அதுல தொத்திக்கிட்டா போவாங்க? சவரிநாதன்கிட்டக் குடுத்தனுப்பலாம்னுதான் தொரை மொதல்ல சொன்னாரு. நான்தான், பாவம், உங்களுக்குப் பெரிய கிராணி வேல கெடைக்கட்டுமேன்னு உங்க பேரச் சொன்னேன்."

பத்துமலை சோற்றை விழுங்கிவிட்டு நிமிர்ந்தான்.

"நான்தான் காலையிலேருந்து சொல்லிக்கிட்டே இருந்தேனேண்ணே. ஒரே ஒரு கோப்பி குடிக்கப் போயிருந்தீங்கன்னா, இன்னைக்கு நீங்கதான் பெரிய கிராணி."